தனியாக இறங்கும் முதல் போட்டி: கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. எடை தூக்குவது, ஓடுவது, கம்பியில் தொங்குவது எல்லாம் கலந்த கிராஸ்ஃபிட் பயிற்சியை ஜிம்மில் ஓரிரு வருடம் செய்தவர்கள், குழுவாகப் போட்டிகளில் ஆடியவர்கள், இப்போது தனியாகப் பெயர் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர் கொடுத்துவிட்டுத் தூக்கம் வராமல் எழுதியவர்களும் உண்டு. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்துவிட்டேன்.

நான் முதல் தனிநபர் போட்டியில் இறங்கியது 33 வயதில். ஒரே நாளில் நான்கு சுற்றுகள். 31 பெண்களில் 27-ஆவதாக வந்தேன். அதற்குப் பிறகு நிறைய போட்டிகள் ஆடிவிட்டேன், பலவற்றில் ஜட்ஜாகவும் நின்றிருக்கிறேன். இருந்தாலும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது மறுபடி மறுபடி அந்த முதல் நாளுக்குத்தான் போனேன்.

அக்கா, தோழிகளோடு சேர்ந்து மூன்று குழுப் போட்டிகளில் ஆடியிருக்கிறேன். ஒன்றில் இரண்டாம் இடம் வாங்கினோம். தனியாக இறங்க எனக்குத் தகுதி வந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– 29 வயது வாசகி

குழுவில் நீங்கள் எந்த வேலையைச் செய்தீர்கள், எந்த வேலையைத் தோழியிடம் கொடுத்தீர்கள்? இதற்கு முதலில் பதில் எழுதிப் பாருங்கள்.

நானும் மூன்று வருடம் குழுவில் ஆடியவள். எங்கள் மூன்று பேரில் ரோயிங்கும் (உட்கார்ந்து துடுப்பு வலிப்பதுபோல் இழுக்கும் மெஷின்) பார்பெல்லும் (இரண்டு முனையிலும் எடை மாட்டிய கம்பி) என் பொறுப்பு. கம்பியில் தொங்கிக் கால்விரலால் கம்பியைத் தொடும் ‘டோஸ் டு பார்’ வந்தால் ஒரு தோழி போவாள். ஒரு குதியில் கயிறு இரண்டு முறை சுற்றும் ‘டபுள் அண்டர்’ வந்தால் இன்னொருத்தி. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை, தானாகவே அப்படி அமைந்தது. நன்றாகவும் இருந்தது. நாங்கள் ஜெயித்தபோதெல்லாம் எனக்கு எல்லாம் வரும் என்றுதான் நான் நம்பினேன். மூன்று வருடத்தில் போட்டியில் ஒரு டோஸ் டு பார்கூடச் செய்யாதவள் நான் என்பது, தனியாகப் பெயர் கொடுத்து மூன்றாவது சுற்றின் அறிவிப்பைப் படித்த அன்றைக்குத்தான் உறைத்தது.

அந்தச் சுற்று பத்து நிமிடம். 40 டபுள் அண்டர், 12 டோஸ் டு பார், மறுபடி முதலிலிருந்து. முடிந்தவரை எத்தனை முறை செய்கிறோம் என்பதுதான் கணக்கு. நான் மூன்று வருடமாகத் தோழிகளிடம் தள்ளிவிட்ட இரண்டு வேலைகள் மட்டுமே அதில் இருந்தன. கைமாற்ற ஆள் இல்லை. அந்தச் சுற்றில் எனக்கு 30-ஆவது இடம்.

இது என்னைப் போன்ற சாதாரண ஆட்களுக்கு மட்டும் நடப்பதாக நினைக்காதீர்கள். அமெரிக்க வீரர் ரிச் ஃப்ரோனிங் 2010-ஆம் ஆண்டு கிராஸ்ஃபிட் கேம்ஸ் என்னும் உலக அளவிலான போட்டியில் முதல்முறையாக ஆடினார். பட்டத்தை எட்டும் தூரத்தில் இருந்தவரைக் கடைசிக் கட்டத்தில் ஒரு கயிறு நிறுத்தியது. காலால் கயிற்றைப் பூட்டிக்கொண்டு ஏறும் முறை அவருக்குத் தெரியாது. கைபலத்தாலேயே ஏறப் பார்த்தார், கைகள் விட்டுப்போயின, இரண்டாம் இடத்தோடு திரும்பினார். அத்தனை பலம் உள்ள மனிதரிடம் இல்லாமல் போனது ஒரு சின்னக் கால் வேலை. அதைக் கற்றுக்கொண்டு வந்தவர் 2011 முதல் 2014 வரை தொடர்ந்து நான்கு முறை பட்டம் வாங்கினார். கயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு தாளை எடுத்து, போட்டிகளில் வழக்கமாக வரும் அசைவுகளை வரிசையாக எழுதுங்கள்: ரோயிங், ஓட்டம், டபுள் அண்டர், பர்ப்பி (தரையில் படுத்து எழுந்து குதிப்பது), பெட்டி மேல் குதிப்பது, வால் பால் (உட்கார்ந்து எழுந்து கனமான பந்தைச் சுவரில் எறிவது), த்ரஸ்டர் (பார்பெல்லோடு உட்கார்ந்து எழுந்து தலைக்கு மேல் தள்ளுவது), கிளீன் (பார்பெல்லைத் தரையிலிருந்து தோளுக்குத் தூக்குவது), ஸ்நாட்ச் (தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது), புல்-அப், டோஸ் டு பார். ஒவ்வொன்றுக்கும் எதிரே, மூச்சு வாங்கும் நிலையில் நிறுத்தாமல் எத்தனை செய்ய முடியும் என்று எழுதுங்கள். ‘மூச்சு வாங்கும் நிலையில்’ என்பதை அடிக்கோடிட்டே சொல்கிறேன். ஓய்வாக இருக்கும்போது வரும் எண் போட்டிக்கு உதவாது. அறுநூறு மீட்டர் ஓடிவிட்டு வந்து உடனே கம்பியைப் பிடித்துப் பாருங்கள், அதுதான் உங்கள் எண். பூஜ்யம் என்று எழுதவேண்டிய அசைவு ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை, பெயர் கொடுத்துவிட்டு அதில் வேலையைத் தொடங்குங்கள். நான்கைந்து இருந்தால் இன்னும் ஆறு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது எடையையும் அசைவையும் எளிதாக்கிய ஸ்கேல்டு பிரிவில் இறங்குங்கள். அதைப் பற்றித்தான் அடுத்த கேள்வி.

ஆர்எக்ஸ் பிரிவா, ஸ்கேல்டு பிரிவா? நண்பர்கள் எல்லாரும் ஆர்எக்ஸ்தான் மரியாதை என்கிறார்கள்.
– 24 வயது வாசகர்

தம்பி, எதையும் குறைக்காமல் முழு எடையோடு ஆடும் ஆர்எக்ஸ் பிரிவில் ஜட்ஜாக நிற்கும்போது எனக்கு மிகவும் வருத்தம் தரும் காட்சி ஒன்று உண்டு. சுற்று தொடங்கி ஒன்றரை நிமிடத்தில் ஒருவர் தன்னால் தூக்க முடியாத பார்பெல்லின் முன் வந்து நிற்பார். மீதி ஆறு நிமிடமும் அங்கேயே நிற்பார். இழுப்பார், கீழே போடுவார், கையில் பவுடர் தடவுவார், மறுபடி இழுப்பார். வியர்வைகூடச் சரியாக வராது. அந்த நாளுக்காக அவர் மாதக்கணக்கில் உழைத்திருப்பார். அவர் உடம்பில் இருக்கும் மூச்சும் பலமும் வெளியே வரவே அந்தச் சுற்று இடம் கொடுத்திருக்காது.

நான் பயன்படுத்தும் அளவுகோலைச் சொல்கிறேன். ஒரு சுற்றில் 30 முறை தூக்க வேண்டிய எடை, நீங்கள் ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய உச்ச எடையில் பாதியைத் தாண்டினால் ஸ்கேல்டு போங்கள். கம்பியில் செய்யும் அசைவு களைப்பில் தொடர்ச்சியாக ஐந்துகூட வரவில்லை என்றாலும் ஸ்கேல்டு. முதல் போட்டியில் உங்களுக்குத் தேவைப்படுவது தொடக்கம் முதல் கடைசி வரை அசைந்துகொண்டே இருக்கும் அனுபவம். அது கிடைத்தால்தான் அடுத்த போட்டிக்கு எதைத் திருத்துவது என்று தெரியும்.

பயிற்சியில் நிதானமாக முடிக்கிற அதே வேலை, போட்டியில் இரண்டாவது நிமிடத்திலேயே என்னைச் சாய்த்துவிட்டது. பதற்றம்தான் காரணமா?
– முதல் போட்டியை முடித்துவிட்டு எழுதும் வாசகர்

பதற்றமும் உண்டு. ஆனால் அது வேலை செய்யும் வழியைப் புரிந்துகொண்டால் அடுத்த முறை அதைக் கையாளலாம். என் முதல் சுற்றின் கணக்கை முழுசாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கணக்கு என் பயிற்சி முறையையே மாற்றியது.

முதல் சுற்று: 1000 மீட்டர் ரோயிங், பிறகு 30 கிலோ பார்பெல்லில் 30 த்ரஸ்டர். எட்டு நிமிட டைம் கேப், அதாவது அதற்குள் முடிக்க வேண்டும். பயிற்சியில் என் ரோயிங் வேகம் 500 மீட்டருக்கு 2 நிமிடம் 12 விநாடி. அந்த வேகத்தில் 1000 மீட்டருக்கு 4 நிமிடம் 24 விநாடி. அப்படி இறங்கி வந்தால் த்ரஸ்டரைப் பத்துப் பத்தாக மூன்று தவணையில் முடிக்கலாம் என்பது திட்டம்.

மணி அடித்தது. இரண்டு பக்கமும் மெஷின்கள் இரைந்தன. என் திரையைப் பார்க்கிறேன், 500 மீட்டருக்கு 1:55 என்று காட்டுகிறது. கொஞ்சம்கூடக் கஷ்டமாக இல்லை! இன்றைக்கு உடம்பு அருமையாக இருக்கிறது என்று நினைத்து அப்படியே இழுத்தேன்.

இங்கேதான் உடம்பு நம்மை ஏமாற்றுகிறது. முதல் பத்து விநாடி வேலைக்குத் தசையில் சேமித்து வைத்த பாஸ்போகிரியேட்டின் போதும், அதற்கு மூச்சு தேவையில்லை. அப்புறம் ஆக்ஸிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைக்கும் வழி கைகொடுக்கும். தேவைக்கு ஏற்ற ஆக்ஸிஜன் வந்து சேர இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். அதுவரை நாம் கடனில் ஓடுகிறோம். அட்ரினலின் ஏறியிருப்பதால் கடன் வாங்குவதே தெரியாது.

ரோயிங்கில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. தேவைப்படும் சக்தி, வேகம் × வேகம் × வேகம் என்ற கணக்கில் கூடும். 2:12 வேகத்துக்கு ஏறக்குறைய 152 வாட் போதும். 1:55 வேகத்துக்கு 230 வாட் வேண்டும். வேகம் 15 சதவீதம்தான் கூடியது, நான் கொடுத்த சக்தி ஒன்றரை மடங்கு. (இந்த இடத்தில் ஒன்று: மெஷினின் பக்கவாட்டு டாம்பரை 10-ல் வைத்தால் வேகம் வரும் என்று நினைக்காதீர்கள். அது காற்றின் அளவை மாற்றுவது, ஒவ்வொரு இழுப்பும் கனமாகிச் சீக்கிரம் முதுகு களைக்கும். என்னைப் போன்ற உடல்வாகு உள்ளவர்களுக்கு 4 அல்லது 5 போதும்.)

முதல் 300 மீட்டரை 69 விநாடியில் கடந்தேன். அதற்கு மேல் கை, தொடை, நெஞ்சு எல்லாம் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டன. மீதி 700 மீட்டரும் 2:20 வேகத்துக்குப் போய்விட்டது. 196 விநாடி. மொத்தம் 4 நிமிடம் 25 விநாடி. என் நிதானமான வேகத்தைவிட ஒரு விநாடி தாமதம்! அதோடு கால்கள் மரக்கட்டையாகிவிட்டன. த்ரஸ்டர் ஆறு, நான்கு, மூன்று, மூன்று என்று உடைந்து, பிறகு ஒவ்வொன்றாக ஆனது. எட்டாவது நிமிடம் மணி அடித்தபோது 26.

அன்றிலிருந்து என் கோச் எனக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். வாரத்தில் ஒரு நாள், முதல் ஒரு நிமிடத்தை வேண்டுமென்றே திட்டத்தைவிட மூன்று விநாடி மெதுவாக இழுக்க வேண்டும். பக்கத்து மெஷினில் வேகமான ஒருவரை உட்காரவைத்துவிட்டு இதைச் செய்யச் சொல்வார். அவர் முன்னால் போவதைப் பார்த்துக்கொண்டு, என் திரையில் என் எண்ணைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். கேட்க எளிது. எனக்கு அது பழகவே இரண்டு மாதம் ஆனது. நீங்களும் ஆளை வைத்துக்கொண்டு செய்யுங்கள், தனியாகச் செய்தால் அந்தப் பழக்கம் வராது.

போட்டியில் ஜட்ஜ் எனக்குப் பதினைந்து முறைக்கு மேல் ‘நோ ரெப்’ சொன்னார். எங்கள் ஜிம்மில் அதே அசைவைத்தான் தினமும் செய்கிறேன், யாரும் ஒன்றும் சொன்னதில்லை. இது அநியாயம் இல்லையா?
– 31 வயது வாசகர்

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. எனக்கு மூன்றாவது சுற்றில் பதினோரு நோ ரெப். அசைவைச் செய்து முடித்தபிறகு அது கணக்கில் இல்லை என்று கேட்பதைப் போல உடம்பைத் தளர்த்துவது வேறு எதுவும் இல்லை. உழைப்பு போனது, பிடி போனது, விநாடிகளும் போயின.

ஆனால் உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது: ‘யாரும் ஒன்றும் சொன்னதில்லை.’ என் கதையும் அதேதான். டோஸ் டு பாரில் இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் கம்பியைத் தொட வேண்டும், அடுத்ததைத் தொடங்கும் முன் குதிகால் கம்பிக்குப் பின்னால் போய் வர வேண்டும். பயிற்சியில் எனக்கு வலது கால் தொடும், இடது கால் அரை அங்குலம் கீழே நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம். களைப்பு ஏற ஏற அரை அங்குலம் நான்கு அங்குலமானது. எனக்கு முன்னால் நின்ற ஜட்ஜ் ஒரு சின்னப் பெண். ஒவ்வொரு முறையும் அமைதியாக, ‘இடது கால்’ என்று மட்டும் சொன்னாள். அவள் சொன்ன பதினொன்றும் சரி. வீடியோவில் பிறகு பார்த்தேன்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். வாரத்தில் ஒரு பயிற்சியை ஜட்ஜ் வைத்துச் செய்யுங்கள். நெருங்கிய நண்பர் வேண்டாம், உங்களிடம் தயக்கம் இல்லாமல் ‘இல்லை’ என்று சொல்லக்கூடியவர் வேண்டும். ஸ்குவாட்டில் இடுப்பு மடிப்பு முழங்காலுக்குக் கீழே போகிறதா, த்ரஸ்டர் மேலே முடியும்போது முழங்கை, இடுப்பு, முழங்கால் மூன்றும் நேராகிறதா, பெட்டி மேல் முழுசாக நிமிர்கிறீர்களா என்று அவர் பார்க்கட்டும். செல்போனைப் பக்கவாட்டில், முழங்கால் உயரத்தில் வைத்து எடுங்கள். மேலிருந்து எடுத்தால் ஸ்குவாட்டின் ஆழம் சரியாகத் தெரியாது.

போட்டியில் நோ ரெப் கேட்டவுடன் வாதாடாதீர்கள். ‘என்ன குறை?’ என்று இரண்டே வார்த்தை கேளுங்கள். பதிலைக் கேட்டு ஒரு மூச்சு எடுத்துவிட்டு அதைத் திருத்தி அடுத்ததைச் செய்யுங்கள். நான் கேட்காமல் வேகத்தைக் கூட்டினேன். வேகம் கூடியதும் இன்னும் நான்கு போயின.

ஜட்ஜும் தவறலாம், அதையும் சொல்ல வேண்டும். இரண்டாவது சுற்று உச்ச எடை கிளீன். நான் 62 கிலோ தூக்கினேன், அந்தச் சுற்றில் எனக்கு ஒன்பதாவது இடம். ஸ்கோர் ஷீட்டில் 52 என்று எழுதியிருந்தார்கள். கையெழுத்துப் போடும் முன் பார்த்ததால் அங்கேயே திருத்தினார்கள், ஒரு மனவருத்தமும் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு மாலையில் போய்க் கேட்டிருந்தால் கதை வேறு. மூச்சு வாங்கிக்கொண்டு தரையில் கிடந்தாலும் எழுந்து உட்கார்ந்து, எண்ணைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். முறையீடு செய்ய எவ்வளவு நேரம் உண்டு, யாரிடம் செய்ய வேண்டும் என்பது போட்டி விதிகளில் இருக்கும். முந்தின நாளே படித்து வையுங்கள்.

நேற்று முன்தினம் போட்டி. நிறைய புல்-அப் இருந்தது. இன்று கை வீங்கி மடக்க முடியவில்லை, சிறுநீர் அடர் பழுப்பு நிறத்தில் போகிறது. தண்ணீர் குடித்தால் சரியாகிவிடுமா?
– 26 வயது வாசகர்

இவருக்கு அன்றே தனியாகப் பதில் அனுப்பிவிட்டோம். மற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

உடனே மருத்துவமனை. காத்திருக்கக் கூடாது. பழக்கத்துக்கு மீறிய வேலையில் தசை இழைகள் சிதைந்து, அவற்றிலிருக்கும் மயோகுளோபின் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலைக்கு ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். அடர் பழுப்பு நிறச் சிறுநீர், அளவுக்கு மீறிய வலி, வீக்கம், கையில் பலமே இல்லாத உணர்வு ஆகியவை அதன் அறிகுறிகள். ஓரிரு நாள் கழித்தும் வரலாம். ரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் அளவைப் பார்த்து மருத்துவர் உறுதி செய்வார். வலிக்கிறது என்று இபுப்ரோஃபென் போன்ற மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள், அது சிறுநீரகத்துக்கு மேலும் சுமை.

வெயிலில் நடக்கும் போட்டிகளிலும் இதே கவனம் வேண்டும். 2011-லும் 2012-லும் கிராஸ்ஃபிட் கேம்ஸ் பட்டம் வென்ற ஆனி தோரிஸ்டாட்டிரே 2015-ல் வெப்பத் தாக்கத்தால் பாதியில் விலக வேண்டியிருந்தது. தலை சுற்றி, பேச்சு குழறினால் எந்தச் சுற்றானாலும் நிறுத்திவிடுங்கள்.

போட்டிக்கு முந்தைய வாரமும், அன்றைக்குச் சுற்றுகளுக்கு நடுவேயும் என்ன செய்ய வேண்டும்? என்ன சாப்பிடலாம்?
– இரண்டு வாசகிகள்

கடைசி வாரம் பயிற்சியின் அளவைப் பாதியாகக் குறையுங்கள், வேகத்தைக் குறைக்காதீர்கள். இன்னும் கொஞ்சம் செய்துவிடலாம் என்று மனசு அடித்துக்கொள்ளும். அந்த வாரத்தில் பலம் கூட்ட முடியாது, களைப்பைத்தான் கூட்ட முடியும். முந்தின இரவு தூக்கம் வராது, கவலை வேண்டாம், அதற்கு முந்தைய மூன்று நான்கு இரவுகளில் நன்றாகத் தூங்கியிருந்தால் போதும்.

சாப்பாட்டில் ஒரே விதிதான்: பயிற்சி நாளில் சாப்பிட்டுப் பழகாத எதையும் அன்று தொடாதீர்கள். முதல் சுற்றுக்கு மூன்று மணி நேரம் முன்னால் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் இரண்டு முதல் மூன்று கிராம் மாவுச்சத்து வருகிற அளவுக்குச் சாப்பிடுங்கள். கொழுப்பும் நார்ச்சத்தும் குறைவாக இருக்கட்டும். காபி பழக்கம் இருந்தால் வழக்கமான அளவு. பழக்கம் இல்லை என்றால் அன்று தொடங்க வேண்டாம்.

நடுவில் கிடைக்கும் இடைவேளைதான் பலரும் கோட்டை விடுகிற இடம். சுற்று முடிந்ததும் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், இரண்டு மணி நேரம். எழுந்தபோது இடுப்பு இறுகிவிட்டது. இப்போது முடிந்தவுடன் பத்து நிமிடம் நடப்பேன், அரை மணிக்குள் ஏதாவது சாப்பிடுவேன், கால் நீட்டிப் படுப்பேன், உடம்பு குளிராமல் ஒரு மேல்சட்டை போட்டுக்கொள்வேன். அடுத்த சுற்றுக்கு 25 நிமிடம் முன் வார்ம் அப்பை முதலிலிருந்து தொடங்குவேன். காலையில் செய்ததுதானே என்று விடமாட்டேன். தண்ணீரைத் தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள். பயத்தில் லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறையும், அது ஆபத்து.

கடைசி இடம் வந்தேன். மேடம், பொய் சொல்லாமல் சொல்லுங்கள், இதை விட்டுவிடலாமா? மறுநாள் ஜிம்முக்குள் போகவே கூச்சமாக இருந்தது.
– 36 வயது வாசகி

விடவேண்டாம். ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் கையில் இப்போது இருக்கும் தகவல் அந்தப் போட்டியில் ஜெயித்தவர் கையில்கூட இருக்காது என்பதால் சொல்கிறேன். அதை எழுதி வைத்தீர்களா?

நான் 27-ஆவதாக வந்த அன்று மாலை அழுதேன். மூன்று வருடம் நான் யார் என்று நினைத்திருந்தேனோ, அதை அந்தப் பட்டியல் இல்லை என்று சொன்னது. மறுநாள் காலையில் என் கோச் கூப்பிட்டு, ‘இடத்தை விடு, நான்கு சுற்றிலும் எந்த நிமிடத்தில் நின்றாய் என்று எழுதிக்கொண்டு வா’ என்றார். எத்தனை நாள் கழித்து எழுதலாம் என்று கேட்டேன். ‘இன்றைக்கு. நாளைக்கு உனக்கு நீயே கதை சொல்ல ஆரம்பித்துவிடுவாய்’ என்றார். உண்மைதான். ஒரு வாரம் போனால் நோ ரெப் எல்லாம் ஜட்ஜின் தவறாகியிருக்கும், ரோயிங் மெஷின் பழுதாகியிருக்கும்.

நோட்டில் நான் எழுதியது இவ்வளவுதான். முதல் சுற்று: ரோயிங்கில் 300 மீட்டரில் செத்தேன், பலம் போதாமல் இல்லை, வேகத் தவறு. இரண்டாவது: 62 கிலோ, பயிற்சி உச்சத்தைவிட 2 கிலோ அதிகம், இதில் வேலை வேண்டாம். மூன்றாவது: இடது கால், அடுத்து டபுள் அண்டர், 12-க்கு மேல் தொடர்ச்சியாக வரவில்லை. நான்காவது: பர்ப்பியும் ஸ்நாட்சும், நேரத்துக்குள் முடித்தேன், கடைசி நிமிடத்தில் கையில் இன்னும் பலம் மீதி இருந்தது, பயந்து மெதுவாகப் போயிருக்கிறேன்.

இதை வைத்து ஆறு மாதத் திட்டம் போட்டோம். பார்பெல் நாட்களைப் பாதியாகக் குறைத்தோம். எனக்கு மிகவும் பிடித்த நாட்கள் அவை, மனசு கேட்கவில்லை. அந்த நேரத்தில் தினமும் பத்து நிமிடம் கயிறு, வாரம் மூன்று நாள் கம்பியில் தொங்குவது. முதல் மாதம் கயிறு முழங்காலுக்குக் கீழே கோடு கோடாகத் தழும்பு போட்டது. மணிக்கட்டைச் சுழற்ற வேண்டிய இடத்தில் நான் தோளைச் சுழற்றிக்கொண்டிருந்தேன், அதைக் கண்டுபிடிக்கவே ஆறு வாரம் ஆனது. அடுத்த போட்டியில் தொடர்ச்சியாக 55 டபுள் அண்டர் வந்தது. மொத்தத்தில் 29 பேரில் 18-ஆவது இடம். மேடைக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஆனாலும் அந்த 55-ஐ எண்ணி முடித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எந்தக் குழுப் பதக்கமும் கொடுத்ததில்லை.

கூச்சத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஜிம்முக்குப் போங்கள். கேட்பவர்களிடம் இடத்தைச் சொல்லிவிட்டு, கூடவே நோட்டில் எழுதியதில் ஒரு வரியையும் சொல்லுங்கள். ‘கடைசி இடம், வால் பாலில் 40-க்குப் பிறகு தோள் நின்றுவிட்டது’ என்று சொன்னால், பேச்சு தானாக வால் பாலுக்குப் போய்விடும். யாராவது ஒருவர் தோளுக்கு என்ன செய்யலாம் என்று சொல்லித் தருவார். எனக்கு மணிக்கட்டைக் காட்டிக் கொடுத்தவர் அப்படி வந்தவர்தான், அதற்கு முன் அவரோடு நான் பேசியதே இல்லை.

என் மகளுக்கு 17 வயது. அடுத்த மாதம் முதல் தனிநபர் போட்டி. எனக்கு இந்த விளையாட்டே புரியாது. கூடப் போகும் நான் என்ன செய்தால் அவளுக்கு உதவியாக இருக்கும்?
– ஒரு தந்தை

நீங்கள் போவதே பெரிய உதவி ஐயா. என் முதல் போட்டிக்கு என் அண்ணன் வந்திருந்தார், அவருக்கும் ஒன்றும் தெரியாது. ‘வேகம், வேகம்’ என்று கத்தினார். நானும் அதைக் கேட்டு வேகமாகப் போனேன், விளைவை மேலே எழுதிவிட்டேன். அடுத்த போட்டியில் அவருக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தேன்: மீதி எத்தனை நிமிடம் என்று மட்டும் சொல்ல வேண்டும். கூட்டத்தின் இரைச்சலில் அந்தக் குரலில் வரும் ஓர் எண் எவ்வளவு தெம்பு என்று சொல்ல முடியாது. உங்கள் மகளிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள், அவளுக்கு நேரம் வேண்டுமா, எண்ணிக்கை வேண்டுமா, அமைதி வேண்டுமா என்று.

சுற்று முடிந்து வெளியே வந்ததும் எத்தனாவது இடம் என்று கேட்காதீர்கள். தண்ணீரைக் கொடுங்கள், பக்கத்தில் நடங்கள். அவளாகப் பேசத் தொடங்கினால் ‘எந்த இடம் கஷ்டமாக இருந்தது?’ என்று கேளுங்கள். சொல்வதைச் சின்ன நோட்டில் குறித்து வையுங்கள், மறுநாள் அவளுக்கு அது தங்கம்.

பையைப் பொறுத்தவரை: மாற்றுச் சட்டை இரண்டு, துண்டு, கைக்கு டேப், உள்ளங்கைத் தோல் கிழிந்தால் கட்ட பேண்டேஜ், பழகிய சாப்பாடு. அப்புறம் குதிக்கும் கயிறு இரண்டு. என்னிடம் ஒன்றுதான் இருந்தது, மூன்றாவது சுற்றின் நான்காவது நிமிடத்தில் கைப்பிடியோடு கழன்று போனது. எங்களுக்கு அடுத்து இறங்கக் காத்திருந்த பெண் ஒருத்தி தன் கயிற்றைத் தூக்கிப் போட்டாள். அவள் என்னைவிட நல்ல உயரம், கயிறு ஒவ்வொரு சுற்றுக்கும் தரையில் புரண்டது. உங்கள் மகளின் பையில் இருக்கும் இரண்டாவது கயிறும் அவள் உயரத்துக்கு அளந்து வெட்டியதாக, ஒரு வாரமாவது குதித்துப் பார்த்ததாக இருக்கட்டும்.